முதலாண்டு மாணவிகளுக்குத் தகவலைச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி? கையில் இருப்பது ஒரு மணி நேரம்

விருதைநூலகர் எழுதியது:

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பெண்கள் கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். சேர்ந்து இரண்டாவது கல்வியாண்டு நடக்கிறது. நான் படித்ததும் இதே மாதிரி ஒரு கல்லூரியில்தான். நூலகத்தில் நானும் உதவியாளர் அக்காவும், ரெண்டே பேர்.

முதலாண்டு வகுப்பு தொடங்கும்போது ஒரு வாரம் அறிமுக நிகழ்ச்சி நடக்கும். அதில் நூலகத்துக்கு ஒரு மணி நேரம். எல்லாத் துறைப் பிள்ளைகளும் கலையரங்கத்தில் மொத்தமாக உட்கார்ந்திருப்பார்கள். நூலகம் எப்போது திறக்கும், எத்தனை புத்தகம் எடுக்கலாம், அபராதம் எவ்வளவு, ஓபேக்கில் (நூலகத்தின் கணினிப் பட்டியல்) எப்படித் தேடுவது, என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கான மின்னூல், மின்னிதழ்ச் சேவை) என்றால் என்ன என்று பிபிடி போட்டு மைக்கில் சொல்ல வேண்டும். போட்டோ எடுத்து, கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பில் சேர்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுக்க யாரும் வந்து என்-லிஸ்ட் பாஸ்வேர்டு கேட்டதில்லை.

போன மாதம் இரண்டாமாண்டு பி.காம். மாணவி ஒருத்தி சிவகாசிப் பட்டாசுத் தொழில் பற்றிய அசைன்மென்டைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் பக்கத்தில் இந்தியப் பட்டாசில் 90 சதவீதம் சிவகாசியில் தயாராகிறது என்று எழுதியிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் அதுவே 80 சதவீதம். “இதுல எதும்மா சரி?” என்று கேட்டேன். “ரெண்டுமே கூகுள்ல இருந்துச்சு மேம்” என்றாள். பசுமைப் பட்டாசு வெடித்தால் மாசே வராது என்று ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் ஆதாரங்கள் என்று தலைப்பிட்டு, கூகுள், விக்கிபீடியா, சாட்ஜிபிடி. அவ்வளவுதான். பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, அவள் அம்மாவே பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டில் தெரிந்த ஒரு விஷயம்கூட அந்த அசைன்மென்டில் இல்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதை மாற்ற வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது? இணையப் பக்கங்களை மதிப்பிட ஒரு செக்லிஸ்ட் அச்சடித்துக் கொடுக்கலாமா? பெரும்பாலும் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள். கையில் போன் மட்டும்தான். துறைத்தலைவர்கள் வகுப்பு நேரம் தர யோசிக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையஅடுக்கு எழுதியது:

வணக்கம்மா. கடலூர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கலையரங்க நேரம். அதை அப்படியே விட்டுவிடுங்கள். நேரம், அபராதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்து நூலக அட்டையோடு கொடுத்துவிட்டால் போதும். கல்லூரிக்கு வந்த முதல் வாரத்தில் அந்தப் பிள்ளைக்குத் தேட வேண்டிய விஷயம் எதுவுமே இல்லை. பஸ் பாஸ் எங்கே வாங்குவது, எந்த அறையில் வகுப்பு என்பதுதான் அவள் கவலை. அசைன்மென்ட் தலைப்பு கைக்கு வந்த வாரத்தில் போங்கள். எல்லாத் துறைக்கும் போக வேண்டாம். ஒரு துறை, ஒரு வகுப்பு, ஒரு ஆசிரியர். அவர் சம்மதித்தால் போதும். ஒரு வகுப்பில் நடந்தது நன்றாக இருந்தால் மற்ற துறைகளுக்குத் தானே செய்தி போகும்.

செக்லிஸ்ட் பற்றிக் கேட்டீர்கள். நம் ஊர்ப் பயிலரங்குகளில் சுற்றி வருவது பெரும்பாலும் 2004 வாக்கில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகத்தில் உருவானது. புதியதா, தேவைக்குப் பொருந்துகிறதா, எழுதியவர் யார், துல்லியமா, என்ன நோக்கம் என்று ஐந்து கேள்விகள். கேள்விகள் நல்லவைதான். ஆனால் பிள்ளைகள் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து விடை தேடுவார்கள். தேதி இருக்கிறது, டிக். எழுதியவர் பெயர் இருக்கிறது, டிக். ‘எங்களைப் பற்றி’ பகுதி இருக்கிறது, டிக். பொய் சொல்ல வந்தவன் இதையெல்லாம் முதலிலேயே போட்டு வைத்திருப்பான்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் 2017-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 10 பேர், உண்மை சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழக இளங்கலை மாணவர்கள் 25 பேர். எல்லாருக்கும் ஒரே இணையப் பக்கங்களைக் கொடுத்து, எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அதில் குழந்தை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகள் வரும். ஒன்று 1930-இல் தொடங்கிய பெரிய சங்கம், 60,000-க்கு மேல் உறுப்பினர்கள். இன்னொன்று 2002-இல் கொள்கை வேறுபாட்டால் பிரிந்துபோன சிறு குழு. பெயர் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். சிறு குழுவின் தளமும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் அதிகம் நம்பினார்கள். வரலாற்று அறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. அவர்கள் பக்கத்தை முழுக்கப் படிக்கவே இல்லை. வந்த வேகத்தில் இன்னொரு டேப்பைத் திறந்து, இவர்கள் யார் என்று வெளியே போய் விசாரித்தார்கள்.

நம் பிள்ளைகளிடம் இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பெண் கொடுக்கப்போகிற வீட்டைப் பற்றி அந்த வீட்டுக்காரர்களிடமா விசாரிப்போம்? பக்கத்துத் தெருவில்தானே விசாரிப்போம். இந்த ஒரு பழக்கம் வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்றைத்தான் சொல்லிக்கொடுக்க முடியும்.

இப்போது நான் இயற்பியல் வகுப்பில் செய்துவந்த பயிற்சியைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் சிதம்பரம் என்பதால் இதை எடுத்தேன். எல்லார் போனிலும் வந்திருக்கும் வாட்ஸப் செய்திதான். சிதம்பரம் கோயில் பூமியின் காந்தப்புலத்தின் மையப் புள்ளியில் இருக்கிறது, வெளிநாட்டு விஞ்ஞானிகள் எட்டு ஆண்டு ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள், சிதம்பரம், காஞ்சி, காளஹஸ்தி மூன்றும் 79 டிகிரி 41 நிமிடத் தீர்க்கரேகையில் இருக்கின்றன, பொற்கூரையில் 21,600 ஓடுகள், அது மனிதன் ஒரு நாளைக்கு விடும் மூச்சின் எண்ணிக்கை என்று போகும்.

“இது உண்மையா பொய்யா?” என்று நான் கேட்டதே இல்லை. அப்படிக் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து பக்திச் சண்டையில் முடியும். செய்தியைத் துண்டு துண்டாக வெட்டச் சொல்வேன். ஒரு தாளில் ஒரு கூற்று. பிறகு ஒவ்வொன்றுக்கும், இதைத் தெரிந்துகொள்ள யாரிடம் போக வேண்டும் என்று எழுதச் சொல்வேன்.

தீர்க்கரேகைக்கு யாரிடமும் போக வேண்டாம், போனில் வரைபடத்தைத் திறந்து கோயில் மேல் விரலை வைத்து அழுத்தினாலே வந்துவிடும். சிதம்பரம் 79.69. காஞ்சி ஏகாம்பரநாதர் 79.70. காளஹஸ்தி 79.70. தசமத்தை 60-ஆல் பெருக்கிப் பார்த்தால் 41, 42 நிமிடம். மூன்றுக்கும் கிழக்கு மேற்காக ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. வகுப்பே கைதட்டும். கூற்று சரி. உடனே, “பஞ்சபூதத் தலம் ஐந்தாச்சே, மற்ற ரெண்டு எங்கே?” என்று கேட்பேன். திருவண்ணாமலை 79.07. திருவானைக்காவல் 78.71. செய்தி எழுதியவர் அந்த இரண்டையும் சொல்லாமல் விட்டிருக்கிறார். சொன்னது சரியாக இருந்தும் சொல்லாமல் விட்டது எவ்வளவு பெரியது என்று அவர்களே தங்கள் விரலால் தொட்டுப் பார்த்துவிடுவார்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், பத்து நிமிடம் பேச விடுங்கள்.

அடுத்தது காந்த மையம். இதற்குப் போக வேண்டிய இடம் அவர்கள் பாடப்புத்தகமே. காந்தச் சரிவு, அதாவது காந்த ஊசி கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம், சுழியாக இருக்கும் இடங்களை இணைத்தால் வருவது காந்த நடுக்கோடு. அது பூமியைச் சுற்றி வரும் கோடு. கோட்டுக்கு ஏது மையப் புள்ளி? அந்தக் கோடு இந்தியாவில் எங்கே போகிறது என்று தேடச் சொன்னால் தும்பா வந்து நிற்கும். திருவனந்தபுரம் பக்கத்தில் 1963-இல் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததே காந்த நடுக்கோடு அந்தப் பக்கம் போவதால்தான். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் திருநெல்வேலியில் இருப்பதற்கும் அதுதான் காரணம். சிதம்பரம் தும்பாவைவிட 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே தள்ளி இருக்கிறது. அந்தக் கோடு காலப்போக்கில் நகரவும் செய்யும்.

21,600? நிமிடத்துக்கு 15 மூச்சு, அதை 60-ஆலும் 24-ஆலும் பெருக்கினால் 21,600. கணக்கு சரி. ஆனால் எல்லாரும் நிமிடத்துக்கு 15 மூச்சா விடுகிறார்கள்? எண்ணிப் பாருங்கள் என்று வாட்சைக் கையில் கொடுத்துவிடுவேன். இந்தக் கூற்றுக்கு ஆதாரம் சைவ மரபு, கோயில் மரபு. அதை மரபு நூலில் தேட வேண்டும், விஞ்ஞானியிடம் கேட்கக் கூடாது. மரபு சொல்வதை மரபு சொல்கிறது என்று எழுதினால் முழு மரியாதையோடு நிற்கும். அதற்கு வெளிநாட்டு விஞ்ஞானி கையெழுத்து எதற்கு? என் வகுப்பில் தினமும் விபூதி பூசி வரும் பிள்ளைகள்தான் இதை முதலில் பிடித்துக்கொண்டார்கள்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பயிற்சிக்கு எடுக்கும் செய்தியில் ஒரு கூற்றாவது சரி என்று வர வேண்டும். எல்லாவற்றையும் பொய் என்று காட்டிக்கொண்டே போனால், பிள்ளைகள் “இன்டர்நெட்ல எல்லாமே டுபாக்கூர்” என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். எதையும் நம்பாதவனும் தேட மாட்டான், எல்லாவற்றையும் நம்புகிறவனும் தேட மாட்டான்.

வணிகவியல்வாத்தியார் எழுதியது:

நான் துறை ஆசிரியர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் மார்க் இல்லாமல் எதுவும் நடக்காது. எங்களிடம் இன்டெர்னல் 25. அதில் அசைன்மென்டுக்கு ஒதுக்குவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் பாதியைத் தேடிய வழிக்குக் கொடுங்கள் என்று துறை ஆசிரியரிடம் கேளுங்கள் மேடம். நான் கொடுக்கிறேன். அசைன்மென்டோடு ஒரு பக்கத் தாள் இணைக்க வேண்டும்: என்ன சொல் போட்டுத் தேடினேன், எதைத் திறந்தேன், எதை ஒதுக்கினேன், ஏன் ஒதுக்கினேன். பேனாவால் எழுத வேண்டும். அசைன்மென்டைக் காப்பி அடிக்கிற பிள்ளைகூட இந்தத் தாளைக் காப்பி அடிக்க முடியாமல் திணறும். திருத்துவதற்கும் எனக்கு நேரம் குறைவு, தாளைப் பார்த்தாலே யார் உழைத்தது என்று தெரிந்துவிடுகிறது.

உங்கள் பட்டாசு மாணவிக்கு வருவோம். 90 சதவீதம், 80 சதவீதம், இரண்டுக்கும் கீழே போய்த் தேடச் சொல்லுங்கள். ஒரு நாளிதழ் இன்னொரு செய்தியைக் காட்டும், அது உற்பத்தியாளர் சங்கத்தைக் காட்டும், அதோடு நூல் அறுந்துவிடும். எந்த ஆண்டு, மதிப்பிலா எடையிலா, லைசென்ஸ் உள்ள ஆலைகள் மட்டுமா என்று ஒன்றும் இருக்காது. அப்படி அறுந்துபோனால் எண்ணைத் தூக்கிப் போட வேண்டாம், “தொழில் வட்டாரத்தில் சொல்லப்படும் மதிப்பீடு” என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கே என்னிடம் மார்க் உண்டு. வெடிபொருள் உரிமம் வழங்கும் மத்திய அமைப்பான பெசோவுக்குச் சிவகாசியிலேயே அலுவலகம் இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

பசுமைப் பட்டாசு வரிக்கு நேரே மூலத்துக்குப் போகலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018 அக்டோபர் 23. பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை வந்தது அதில்தான். தீர்ப்பு நீதிமன்றத் தளத்திலேயே கிடைக்கிறது. பசுமைப் பட்டாசை உருவாக்கிய நாக்பூர் நீரி நிறுவனம் சொன்னது, துகள் மாசு குறைந்தது 30 சதவீதம் குறையும் என்பதுதான். ‘30 சதவீதம் குறையும்’ என்பது கைமாறிக் கைமாறி ‘மாசே வராது’ என்று ஆகியிருக்கிறது. இந்த இரண்டு வரியையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் போடுங்கள், நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது.

அப்புறம் அந்த அம்மா. தீபாவளி முடிந்து எத்தனை வாரம் ஆலை மூடியிருக்கும், சரவெடி நின்ற பிறகு கூலி என்ன ஆனது, இது எந்த இணையதளத்திலும் கிடைக்காது. அவரை ஆதாரமாகப் போடாமல் வேறு யாரைப் போடுவது?

தமிழ்த்துறை_மதுரை எழுதியது:

பழையஅடுக்கு ஐயாவின் பயிற்சி அருமை. ஆனால் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. வாட்ஸப் செய்தி என்றால் தமிழ், அதைச் சரிபார்க்கப் போனால் ஆங்கிலம் என்று வகுப்பு முடிந்துவிடக் கூடாது. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை, தமிழில் இருப்பதெல்லாம் புரளி, ஆங்கிலத்தில் இருப்பதுதான் அறிவு என்று நினைத்துக்கொண்டு வெளியே போனால் நாம் பெரிய கேடு செய்தவர்கள் ஆவோம். இதை நான் கண்ணால் பார்க்கிறேன். எங்கள் துறைப் பிள்ளைகளே ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, இன்று இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை வெளிவந்த கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. இலக்கியத்துக்கு 1998 முதல் மதுரைத் திட்டம் இருக்கிறது. முதலாண்டிலேயே இந்த மூன்றையும் போனில் புக்மார்க் போட வைத்துவிடுங்கள்.

தமிழில் தேடுவதையும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காளஹஸ்தி என்று தேடினால் ஒரு பட்டியல் வரும், காளத்தி என்று தேடினால் வேறு, திருக்காளத்தி என்றால் தேவாரமே வந்து நிற்கும். சிதம்பரத்துக்குத் தில்லை இருக்கிறது. இன்னொரு சிக்கல், பழைய ஆய்விதழ்களின் பி.டி.எஃப். பல பழைய எழுத்துருக்களில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடல் பொறிக்கு அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல். ஸ்கேன் செய்த நூல்களிலும் பெரும்பாலும் உள்ளே தேட முடியாது. அதனால் ‘கூகுளில் இல்லை’ என்றால் ‘தமிழில் இல்லை’ என்று முடிவு கட்டக் கூடாது. பொருளடக்கத்தைத் திறந்து, பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் தமிழுக்கு இன்னும் தேவைப்படுகிறது. ரோஜா முத்தையா நூலகம், கன்னிமாரா என்று சென்னைக்குப் போக எல்லாப் பிள்ளைகளாலும் முடியாது. பக்கத்து ஊர்க் கிளை நூலகத்துக்குப் போக முடியும்.

ஆய்வுமாணவி_திருச்சி எழுதியது:

சாட்ஜிபிடி பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். அதைப் பயன்படுத்தாதே என்று சொல்லிப் பலனில்லை மேம், எல்லாரும் பயன்படுத்துகிறோம். பிரச்சினை, அது தருகிற ஆதாரப் பட்டியல். என் ஜூனியர் ஒருத்தி எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பட்டியலோடு வந்தாள். ஆசிரியர்கள் நிஜமானவர்கள். ஆய்விதழ் நிஜம். தொகுதி எண், பக்க எண் எல்லாம் கச்சிதம். கட்டுரை மட்டும் உலகத்தில் இல்லை. ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் தரப்படும் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணை எடுத்து அதற்கான தளத்தில் போட்டுப் பார்த்தோம். சிலதுக்கு அப்படி ஒரு எண்ணே இல்லை என்று வந்தது. ஒன்று மட்டும் திறந்தது, ஆனால் அது தலைப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரை. எண் திறக்கிறதா என்று பார்த்தால் போதாது, திறந்த பக்கத்தில் அதே தலைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் உறைத்தது. 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்களே சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அந்தச் செய்தியை வகுப்பில் காட்டினால் நன்றாக மனதில் பதிகிறது.

மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். பணம் கட்டினால் இரண்டு நாளில் கட்டுரை போடுகிற இதழ்கள் மெயில் அனுப்பிக்கொண்டே இருக்கும். அட்டையில் ‘சர்வதேச’ என்று இருக்கும். 2018 மே மாதம் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு தரமான இதழ்களுக்கென்று அவர்களுடைய கேர் பட்டியல் வந்தது, 2025-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது இதழ் நல்லதா என்று பார்க்கிற பொறுப்பு எங்கள் தலையிலேயே வந்து நிற்கிறது. ஆசிரியர் குழுவில் பெயர் போட்டிருப்பவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், இந்த இதழைப் பற்றி அவர் அங்கே சொல்கிறாரா என்று பார்ப்பேன். ஐயா சொன்ன ‘வெளியே போய் விசாரி’ இதற்கும் பொருந்துகிறது.

விருதைநூலகர் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன், அக்காவும் படித்தார்.

வணிகவியல் துறைத்தலைவரிடம் பேசிவிட்டேன். ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கிற வாரத்தில் ஒரு வகுப்பு தருகிறேன் என்று சொல்லிவிட்டார். தேடிய வழியை எழுதும் அந்த ஒரு பக்கத் தாளுக்கு மார்க் கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார், முகத்தைப் பார்த்தால் தருவார் போலத்தான் இருக்கிறது. எங்கள் ஊருக்குச் சிதம்பரத்தைவிடப் பட்டாசுதான் பொருத்தம் என்பதால் 30 சதவீதம், மாசே வராது என்ற அந்த இரண்டு வரியோடு தொடங்கப்போகிறேன். தமிழ்த்துறை சார் சொன்ன மூன்று தளங்களுக்கும் க்யூஆர் அட்டை அடித்து நூலக மேசைகளில் ஒட்டிவிட்டோம்.

ஒரு சந்தேகம். அந்த மாணவி அம்மாவிடம் பேசி எழுதத் தயாராகிவிட்டாள், இரண்டு தோழிகளும் தங்கள் வீட்டில் கேட்கிறோம் என்கிறார்கள். இதை ஆதாரப் பட்டியலில் எப்படிக் குறிப்பது? “எங்கம்மா சொன்னாங்கன்னு எழுதினா சார் சிரிப்பாங்க மேம்” என்று பயப்படுகிறாள்.

பழையஅடுக்கு எழுதியது:

சிரிக்க ஒன்றுமில்லைம்மா. நேர்காணல் என்று போட்டு, நடந்த தேதி, ஊர், நேரிலா போனிலா என்று எழுதினால் அது முறையான ஆதாரம். அம்மா சொன்னதை அன்றைக்கே நோட்டில் அவர் வார்த்தையிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள், பிறகு நினைவிலிருந்து எழுதினால் அது மகளின் வார்த்தையாகிவிடும். வகுப்பில் இன்னும் இரண்டு மூன்று வீட்டில் இதே கேள்விகளைக் கேட்கட்டும். ஒருவர் சொன்னது எல்லா ஆலைக்கும் பொருந்தும் என்று எழுதிவிடக் கூடாது, “நாங்கள் பேசிய தொழிலாளர்கள் சொன்னபடி” என்று எழுதட்டும்.

ஒரு எச்சரிக்கை. பெயர் வேண்டாம், ஆலைப் பெயரும் வேண்டாம். கூலி, பாதுகாப்பு பற்றி அவர் சொல்வது கல்லூரிக்கு வெளியே போனால் அவர் வேலைக்கு ஆபத்து. “பட்டாசு ஆலைத் தொழிலாளி, பெண், வெம்பக்கோட்டை வட்டாரம்” என்ற அளவு போதும். கேட்பதற்கு முன்பே, இது எதற்கு, யார் படிப்பார்கள் என்று அம்மாவிடம் சொல்லி, சரி என்று வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று அவர் சொல்கிற பகுதியை விட்டுவிட வேண்டும். துறைத்தலைவரிடம் இந்த விதியை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், வைவாவில் பெயரைக் கேட்டுப் பிள்ளையை நெருக்காமல் இருப்பார்.